தொழிலிட மருந்துச் சோதனையும் பெயரில்லாத மாத்திரையும்: திண்டுக்கல் சமவெளி ஆலைகளின் பின்னணியில்

வேலைக்கு வருபவரின் சிறுநீர், இரத்தம், உமிழ்நீர், மூச்சு ஆகியவற்றில் ஒன்றை எடுத்து, அவர் உடலில் போதைப்பொருளோ மயக்கம் தரும் மருந்தோ இருக்கிறதா என்று வேலை கொடுப்பவர் பார்ப்பதே தொழிலிட மருந்துச் சோதனை ஆகும். அமெரிக்காவில் 1980களில் விதியாக உருப்பெற்ற இம்முறை, பின்னர் பல நாடுகளின் விமானத்துறை, போக்குவரத்து, சுரங்கம் போன்ற துறைகளுக்குப் பரவியது. மருத்துவர் எழுதிக் கொடுத்த வலிநீக்கி மாத்திரையைச் சாப்பிட்டவரை இந்தச் சோதனை எப்படி நடத்த வேண்டும் என்பது தொடக்கம் முதலே அதன் பெரிய சிக்கலாக இருந்து வருகிறது.

தமிழ்நாட்டின் பஞ்சு, ஆடைத் தொழிலில் இந்தச் சிக்கல் தலைகீழான வடிவில் வெளிப்பட்டது. இங்கு தொழிலாளியின் உடலில் என்ன மருந்து இருக்கிறது என்று ஆலை தேடவில்லை. ஆலையே வலிநீக்கியைக் கொடுத்தது. கொடுத்த மாத்திரையின் பெயர் தொழிலாளிக்குத் தெரியவில்லை. 2019இல் வெளியான ஒரு செய்தி விசாரணை இதனைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது. நூற்பாலைகளும் ஆயத்த ஆடை ஆலைகளும் நிறைந்த திண்டுக்கல் சமவெளி, இவ்வரலாற்றைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம்.

சோதனை விதிகளின் தோற்றம்

பெருந்தொகையான மனிதர்களிடம் சிறுநீர்ச் சோதனை நடத்தும் பழக்கம் படைவீரர்களிடமிருந்து தொடங்கியது. 1971இல் வியட்நாமிலிருந்து ஊர் திரும்பும் அமெரிக்க வீரர்களிடம் ஹெராயின் பயன்பாட்டைக் கண்டறிய அந்நாட்டரசு சோதனை நடத்தியது. 1986 செப்டம்பர் 15 அன்று குடியரசுத் தலைவர் ரொனால்ட் ரீகன் வெளியிட்ட 12564ஆம் எண் ஆணை, நடுவண் அரசு அலுவலகங்களைப் போதைப்பொருள் இல்லாத பணியிடங்களாக்க வேண்டும் என்றது. நான்கு மாதத்திற்குள், 1987 ஜனவரி 4 அன்று, மேரிலாந்து மாநிலத்தின் சேஸ் என்னும் இடத்தில் பயணிகள் ரயிலொன்று சரக்கு எஞ்சின்கள்மீது மோதி 16 பேர் இறந்தனர். எஞ்சின்களை ஓட்டியவர்கள் கஞ்சா பயன்படுத்தியிருந்தது தெரியவந்ததும், சோதனைக்கு எதிரான குரல்கள் வலுவிழந்தன. 1988இல் நடுவண் அரசுப் பணியாளர்களுக்கான கட்டாய வழிகாட்டுதல்கள் வந்தன. 1991இல் போக்குவரத்துத் தொழிலாளர்களுக்குத் தனிச் சட்டம் வந்தது.

அன்றைய பட்டியலில் ஐந்து வகைகள் இருந்தன: கஞ்சா, கோகைன், அபின் வகைகள், ஆம்ஃபெட்டமின்கள், பிசிபி. இவற்றுள் அபின் வகைகள்தாம் அதிகத் தொல்லை தந்தன. அபினிலிருந்து கிடைக்கும் கோடீன், இருமல் மருந்திலும் வலி மாத்திரையிலும் மருத்துவர்கள் தாராளமாக எழுதித் தந்த பொருள். அது உடலுக்குள் சென்றதும் ஒரு பகுதி மார்ஃபினாக மாறும். ஹெராயினும் மார்ஃபினாகவே மாறும். ஆகவே சிறுநீரில் மார்ஃபின் இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று உடனே சொல்லிவிட முடியாது. கசகசா தூவிய ரொட்டியைத் தின்றவருக்கும் மார்ஃபின் தென்பட்டது. (கசகசா அரைத்துவிட்ட குருமாவை வாரந்தோறும் சாப்பிடும் தமிழ் வீடுகளுக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்பவர்கள் பெட்டியில் கசகசா கொண்டுபோகக் கூடாது என்று எச்சரிக்கப்படுவதற்கும் இதே வேதியியல்தான் காரணம்.) இத்தகைய தவறான பிடிப்புகளைக் குறைக்கவே, ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 300 நானோகிராம் என்றிருந்த வரம்பளவை 1998 டிசம்பரில் 2,000 நானோகிராமாக உயர்த்தினர்.

சோதனை இரு படிகளில் நடக்கும். முதற்படியில், குறிப்பிட்ட மூலக்கூற்று வடிவத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களைக் கொண்டு விரைவாகச் சலித்தெடுப்பர். இது மலிவானது, ஆனால் ஏறத்தாழ ஒரே வடிவம் கொண்ட வேறு பொருள்களையும் சில வேளை பிடித்துவிடும். ஐபுபுரூஃபன், நாப்ராக்சன் போன்ற சாதாரண வலிநீக்கிகள் கஞ்சா சோதனையில் அரிதாகப் பொய்யான நேர்முடிவைக் காட்டியது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. எனவே முதற்படியில் சிக்கிய மாதிரியை வாயு நிறப்பிரிகையும் நிறை நிறமாலைமானியும் இணைந்த கருவியில் இரண்டாம் முறை பார்க்க வேண்டும். எதிர்ப்பொருள் முறைக்கு மறுபுறமும் ஒரு குறை உண்டு. டிராமடால், டேபென்டடால் ஆகியன அபின் போலவே வேலை செய்தாலும் மூலக்கூற்று வடிவம் வேறு. ஆகவே மார்ஃபினைத் தேடும் சாதாரணச் சோதனையில் அவை தப்பிவிடும். ஆக்சிகோடோன், ஹைட்ரோகோடோன் முதலான எழுதித்தரும் வலிநீக்கிகள் அமெரிக்காவில் பல்லாயிரம் உயிர்களைக் குடித்த பிறகே, 2017 அக்டோபரில் அரசுப் பணியாளர் பட்டியலிலும் 2018 ஜனவரியில் போக்குவரத்துத் துறைப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டன.

இந்த ஏற்பாட்டில் தொழிலாளிக்கு உண்மையான காப்பாக இருப்பவர் மருத்துவ மறுஆய்வு அலுவலர். ஆய்வகம் நேர்முடிவு என்று சொன்னாலும் அது உடனே முதலாளியிடம் போகாது. இந்த மருத்துவர் தொழிலாளியை அழைத்துப் பேசுவார். முறையான மருந்துச்சீட்டைத் தொழிலாளி காட்டினால், முதலாளிக்கு எதிர்முடிவு என்றே அறிக்கை போகும். மருந்தின் பெயர், அதை எழுதித் தந்தவர் யார், எதற்காக என்னும் மூன்றும் அறிந்தவருக்கே இந்தக் காப்பு பயன்படும்.

இந்தியாவில் நிலை

எல்லாத் தொழிலிடங்களுக்கும் பொருந்தும் மருந்துச் சோதனைச் சட்டம் இந்தியாவில் கிடையாது. துறைவாரியான விதிகளே உள்ளன. ரயில் ஓட்டுநர்கள் பணியேறும்போது மூச்சுச் சோதனைக் கருவியில் ஊதுகிறார்கள். அக்கருவி மதுவை மட்டுமே அறியும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம் என்று எண்ணைச் சொல்கிறது. போதைமருந்துக்கு அப்படி எண் எதுவும் சொல்லாமல், வாகனத்தைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத நிலை என்று மட்டும் வரையறுக்கிறது.

விமானத்துறையில்தான் முழுமையான சோதனை விதி வந்தது. சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2021இல் வெளியிட்டு, 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த விதிப்படி, விமானப் பணிக்குழுவினரிலும் வான்வழிக் கட்டுப்பாட்டாளர்களிலும் ஆண்டுதோறும் 10 விழுக்காட்டினரை முன்னறிவிப்பின்றித் தேர்ந்தெடுத்துச் சோதிக்க வேண்டும். ஆம்ஃபெட்டமின், கஞ்சா, கோகைன், அபின் வகை, பார்பிட்யூரேட், பென்சோடயசெபின் ஆகியவை தேடப்படுகின்றன. இவ்விதிகளின் நோக்கம் தெளிவு: விமானத்தில் பயணம் செய்வோரின் உயிர். நூற்பாலையில் இரவு முழுவதும் இழை ஒட்டும் பெண் தூக்கக் கலக்கத்தில் தவறினால் அடிபடுவது பெரும்பாலும் அவர் கைதான். அதனாலோ என்னவோ, சோதனை விதி எழுதியோரின் கண் அந்தப் பக்கம் போகவில்லை.

மருந்தைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் தனி வரிசை. மருந்து மற்றும் அழகுப் பொருள்கள் சட்டம் 1940இலும் அதன் விதிகள் 1945இலும் வந்தன. அட்டவணை எச் என்பதில் உள்ளவற்றை மருத்துவரின் சீட்டின்றி விற்கக் கூடாது. டைக்ளோஃபெனாக் அதில் உண்டு. 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த அட்டவணை எச்1, மருந்துக் கடைக்காரர் நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. கோடீனும் டிராமடாலும் இதில் வந்தன. டிராமடால் 2018 ஏப்ரலில் போதைமருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கீழும் கொண்டுவரப்பட்டது. அச்சட்டம் 1985 செப்டம்பர் 16ஆம் நாளிட்டது. மதுரை மாவட்டத்திலிருந்து பிரிந்து திண்டுக்கல் மாவட்டம் உருவானது அதற்கு முந்தைய நாள், செப்டம்பர் 15. மாவட்டமும் சட்டமும் ஏறத்தாழ ஒரே வயதினர்.

பஞ்சாலையும் மருந்தும்: ஒரு பழைய உறவு

ஆலை வேலையின் களைப்புக்கும் வலிக்கும் மருந்தைத் துணையாகக் கொண்ட வரலாறு இந்தியாவில் மாத்திரைக்கு முந்தியது. 1893 முதல் 1895 வரை செயல்பட்ட அபின் பற்றிய அரச ஆணையம், உடல் உழைப்பாளர்கள் களைப்புக்கும் காய்ச்சலுக்கும் வலிக்கும் அபினைக் கைமருந்தாகக் கொள்வதைச் சாட்சியங்களில் பதிவு செய்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளில் அது வேறொரு வடிவம் எடுத்தது. வேலைக்குப் போகும் தாய்மார்கள், பகல் முழுவதும் குழந்தை அழாமல் தூங்குவதற்காக அபின் கலந்த சிறு உருண்டைகளைக் கொடுத்தனர். 1931இல் வெளிவந்த விட்லி ஆணையம் எனப்படும் தொழிலாளர் பற்றிய அரச ஆணையத்தின் அறிக்கை இவ்வழக்கத்தைக் கண்டித்து, ஆலைகளில் குழந்தைக் காப்பகங்கள் வேண்டும் என்றது. காப்பகம் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் கட்டாயமாயிற்று. மருந்தால் அடக்கப்பட்டது குழந்தையின் அழுகை. தேவைப்பட்டதோ ஓர் அறையும் ஓர் ஆயாவும். மாத்திரையின் கதையைப் படிக்கும்போது இந்தப் பழைய கதையை மறந்துவிடலாகாது.

திண்டுக்கல் சமவெளியும் ஆலைகளும்

மேற்கே பழனி மலைத்தொடருக்கும் தென்கிழக்கே சிறுமலைக்கும் இடைப்பட்ட இச்சமவெளி மழை குறைந்த நிலம். குடகனாறு ஆண்டில் பல மாதம் வறண்டு கிடக்கும். திண்டுக்கல் நகரம் பூட்டுக்கும் சுருட்டுக்கும் தோல் பதனிடுதலுக்கும் பெயர் பெற்றிருந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவு நகரைச் சுற்றியிருந்த கிணறுகளைக் கெடுத்தது. கிணற்றை நம்பிய வேளாண்மை தளர்ந்தது. கூலி வேலையும் குறைந்தது. வேடசந்தூர், வடமதுரை, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் பக்கங்களில் நூற்பாலைகள் பெருகியபோது, அவற்றுக்கு வேண்டிய கைகள் இந்த ஊர்களிலேயே காத்திருந்தன. அவற்றில் பெரும்பான்மை இளம்பெண்களின் கைகள். பெரும்பாலோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். கரூர் சாலையில் விடியற்காலையிலும் நள்ளிரவிலும் ஷிப்டுக்கு ஆளேற்றிச் செல்லும் ஆலை வேன்கள் இன்றும் இப்பகுதியின் அன்றாடக் காட்சி.

ஆலைக்குள் நடப்பது நின்றபடி செய்யும் வேலை. ரிங் பிரேம்களுக்கு நடுவே சைடர் எனப்படும் தொழிலாளி இடைவிடாமல் நடந்து, அறுந்த இழையைக் கண்டு ஒட்ட வேண்டும். ஒரு ஷிப்டில் நடக்கும் தொலைவு பல கிலோமீட்டர். இழை அறாமல் இருக்க அறையின் ஈரப்பதத்தை உயர்த்தி வைப்பார்கள். காற்றில் பஞ்சுத் தூசி, காதைச் செவிடாக்கும் இரைச்சல், உடலெல்லாம் வியர்வை. கால், இடுப்பு, முதுகு வலி இந்த வேலையின் கூடப்பிறந்தது. நின்று வேலை செய்வோர் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தர வேண்டும் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு சொன்னது. ஓடிக்கொண்டிருக்கும் பிரேமுக்கு முன் அந்த வாய்ப்பு எப்போது வரும் என்பதைச் சட்டம் சொல்லவில்லை.

இரவு வேலை தனியே குறிப்பிடத்தக்கது. பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றிருந்த 66ஆம் பிரிவின் தடையை, 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானது என்று நீக்கியது. பாலின அடிப்படையில் வேலைவாய்ப்பை மறுக்கலாகாது என்பது அதன் கருத்து. கூடவே போக்குவரத்து, ஓய்வறை, பாதுகாப்பு ஆகியவற்றில் பல நிபந்தனைகளையும் விதித்தது. தீர்ப்பின் நியாயம் மறுக்க முடியாதது. நடைமுறையில் 24 மணி நேரமும் ஓடும் ஆலைகளுக்கு மூன்று ஷிப்டுக்கும் பெண்களை வைத்துக்கொள்ள வழி திறந்தது. நிபந்தனைகள் அதே வேகத்தில் நிறைவேறின என்று சொல்ல இயலாது.

இதே காலத்தில் பரவியது சுமங்கலித் திட்டம். பெரும்பாலும் மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால், முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாக ஒப்பந்தம். நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ நிறுவனமும் அந்நாட்டின் வேறோர் அமைப்பும் 2011லும் 2014லும் வெளியிட்ட அறிக்கைகள் இதை உலகறியச் செய்தன. இடையில் நின்றால் மொத்தத் தொகை போய்விடும் என்ற அச்சம், ஒரு நாள் விடுப்பு எடுப்பதையும் ஆபத்தாக்கியது. மாத இறுதியில் வருகைப் படி வைத்திருக்கும் ஆலைகளில், வெளியிலிருந்து வந்து போகும் தொழிலாளர்களுக்கும் இதே கணக்குதான். மாதவிடாய் நாளில் வயிற்று வலியோடு வந்த பெண்ணுக்கு மூன்று வழிகள் இருந்தன: விடுப்பெடுத்துக் கூலியை இழப்பது, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பது, அல்லது மாத்திரை.

2019: பெயரில்லாத மாத்திரை

2019 ஜூனில் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்திப்பிரிவு வெளியிட்ட விசாரணை, தமிழ்நாட்டு ஆடைத் தொழிலில் வேலை செய்யும் ஏறத்தாழ 100 பெண்களிடம் பேசித் தயாரிக்கப்பட்டது. மாதவிடாய் வலிக்காக வேலையிடத்தில் பெயர்ச்சீட்டில்லாத மாத்திரைகள் தரப்பட்டதாக அவர்கள் அனைவரும் கூறினர். அதனால் உடல்நலம் கெட்டதாகப் பாதிக்கும் மேற்பட்டோர் கூறினர். மாத்திரையைக் கொடுத்தவர்கள் பல இடங்களில் செவிலியரோ மருத்துவரோ அல்லர். டைம்கீப்பர் போன்ற மேற்பார்வையாளர்கள். பின்விளைவு பற்றி எவரும் எச்சரிக்கவில்லை. மாத்திரைகளைப் பார்த்த மருத்துவர்கள், அவை ஐபுபுரூஃபன் வகையைச் சேர்ந்த வலிநீக்கிகள் என்று அடையாளம் காட்டினர்.

இவ்விசாரணை மாநிலத்தின் ஆடைத் தொழிலைப் பற்றியது. திருப்பூரை நடுவாகக் கொண்ட அத்தொழிலின் நூலும் ஆட்களும் வரும் வட்டாரங்களில் திண்டுக்கல் ஒன்று. ஒரே வீட்டில் அக்காள் நூற்பாலைக்கும் தங்கை தையல் ஆலைக்கும் போகும் ஊர்கள் இங்கு உண்டு.

ஐபுபுரூஃபன் கெட்ட மருந்தன்று. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் பூட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஆடம்ஸும் அவருடைய குழுவினரும் கண்டுபிடித்த இது, 1969இல் அந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. இவ்வகை மருந்துகள் வேலை செய்யும் விதத்தை 1971இல் விளக்கிய ஜான் வேன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள் உடலில் உண்டாவதை இவை தடுக்கின்றன. மாதவிடாயின்போது கருப்பை இறுகிச் சுருங்கி வலிப்பதற்கும் அதே பொருள்தான் காரணம். எனவே மாதவிடாய் வலிக்கு இது சரியான மருந்தே. ஆனால் அதே புரோஸ்டாகிளாண்டின் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டம் குன்றாமல் பார்த்துக்கொள்கிறது. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் புண் வரலாம். வியர்த்துக் கொட்டும் அறையில், கழிப்பறைக்குப் போக நேரமில்லை என்று தண்ணீரையும் குறைத்துக்கொண்டவர் அடிக்கடி சாப்பிட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். கருவுற்று 20 வாரம் கடந்தவர் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது. நூற்பாலை என்பது இந்த எச்சரிக்கைகள் எல்லாம் ஒரே நேரத்தில் பொருந்தும் இடம்.

பெயர் தெரிவது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு சான்று கிடைத்தது. மாதவிடாய் வலிக்கு இந்தியாவில் பரவலாக வாங்கப்படும் மெஃபனாமிக் அமிலம் அரிதாகக் கடுமையான ஒவ்வாமை நோயை உண்டாக்கக்கூடும் என்று இந்திய மருந்தியல் நூல் ஆணையம் 2023இன் இறுதியில் எச்சரித்தது. மெஃப்டால் என்னும் வணிகப் பெயரைச் சொல்லித் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளும் அச்செய்தியை ஒலிபரப்பின. அட்டையைப் பார்த்து மாத்திரை வாங்குபவர் அதைக் கேட்டு விழித்துக்கொள்ளலாம். உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கப்பட்ட வெள்ளை மாத்திரையை விழுங்கியவருக்கு அந்த எச்சரிக்கை வந்து சேராது.

விதி இல்லாமல் இது நடக்கவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. மருந்தின் பெயர், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், தயாரிப்பாளர் முகவரி ஆகியவை உறையில் இருக்க வேண்டும் என்று மருந்து விதிகள் கூறுகின்றன. தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு இன்னும் கண்டிப்பாக இருந்தது. 150 தொழிலாளர்களுக்கு ஒன்று வீதம் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டியிருந்தது. விதியில் குறித்த பொருள்களைத் தவிர வேறெதுவும் அதில் இருக்கக் கூடாது என்றிருந்தது. முதலுதவிச் சான்றிதழ் பெற்ற பொறுப்பாளர் ஒருவர் பெட்டிக்குப் பொறுப்பாக இருக்க வேண்டியிருந்தது. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் மருத்துவ, செவிலியப் பணியாளர்களுடன் தனியறை வேண்டியிருந்தது. மாத்திரையை அட்டையிலிருந்து வெட்டிக் கொடுக்கும்போது இத்தனை விதிகளும் அந்தக் கத்தரிக்கோலில் அறுந்துவிடுகின்றன. ஆய்வாளர் வந்து பெட்டியைத் திறந்தாலும், பெயரில்லாத மாத்திரை பட்டியலில் உள்ளதா இல்லாததா என்று சொல்ல முடியாது. மருந்துக் கடைகளிலும் அட்டையை வெட்டி இரண்டு மாத்திரை கொடுப்பது ஊர் வழக்கம்தான். ஆனால் கடைக்காரரிடம் பெயரைக் கேட்கலாம். மறுநாள் வேறு கடைக்குப் போகலாம். டைம்கீப்பரிடம் அப்படிக் கேட்க முடியாது. அன்றைய வருகைப் பதிவேடு அவர் கையில் இருக்கிறது.

கண்டறிதலின் எல்லை

சோதித்தால் இந்த மருந்தைக் கண்டுபிடிக்க முடியாதா என்னும் கேள்வி இயல்பாக எழும். முடியும், ஆனால் தொழிலிடச் சோதனைப் பட்டியல்களில் ஐபுபுரூஃபனோ டைக்ளோஃபெனாக்கோ இல்லை. அவை போதை தருவதில்லை, வேலையைக் கெடுப்பதில்லை. சொல்லப்போனால் வேலை தடையின்றி நடக்க உதவுகின்றன. சோதனை விதிகள் உற்பத்திக்கும் பிறர் உயிருக்கும் ஊறு செய்யும் மருந்தைத் தேட எழுதப்பட்டவை. மருந்து உண்டவருக்கே ஊறு செய்வதைத் தேட எழுதப்பட்டவையல்ல. மேலும் ஐபுபுரூஃபன் இரத்தத்தில் இரண்டு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்து, ஒரு நாளுக்குள் பெரும்பாலும் வெளியேறிவிடும். மாத்திரை போன பிறகும் புண்ணும் சிறுநீரகக் கேடும் தங்கிவிடும். அப்போது எந்த ஆய்வகமும் மாத்திரையை நோக்கி விரலை நீட்ட முடியாது.

வெளிநாட்டு ஒப்பந்ததாரர்களின் வற்புறுத்தலால் நாளை இந்த ஆலைகளுக்கும் மருந்துச் சோதனை வருவதாக வைத்துக்கொண்டால், இன்னொரு சிக்கல் எழும். பாராசிட்டமாலும் டிராமடாலும் சேர்ந்த மாத்திரைகள் இந்தியச் சந்தையில் சாதாரணமாகக் கிடைப்பவை. மேற்பார்வையாளர் கொடுத்தது அப்படிப்பட்ட ஒன்றாக இருந்து, விரிவான சோதனையில் அது தென்பட்டால், மருத்துவ மறுஆய்வு அலுவலரின் முன் காட்டுவதற்குத் தொழிலாளியிடம் சீட்டும் இருக்காது, சொல்வதற்குப் பெயரும் இருக்காது.

உடலுக்குள் போன வலிநீக்கியைத் தேடிக் கண்டுபிடித்து விதியை மாற்றிய நிகழ்ச்சி இந்தியாவில் ஒன்று உண்டு. பாறு கழுகுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தபோது, அவற்றின் சிறுநீரகங்களை ஆராய்ந்த அறிவியலாளர்கள் 2004இல் காரணத்தைக் கண்டனர். மாடுகளுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபெனாக், இறந்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. 2006இல் கால்நடைப் பயன்பாட்டுக்கு அம்மருந்து தடை செய்யப்பட்டது. மாடுகளுக்கு மறைமுகமாகப் போவதைத் தடுக்க, மனிதர்களுக்கான ஊசிமருந்தின் பெரிய குப்பிகளும் 2015இல் தடை செய்யப்பட்டன. நீலகிரியின் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறுகளுக்கு இது உயிர்ப்பிச்சை. ஆலைத் தொழிலாளியின் சிறுநீரகத்தை இதே கேள்வியோடு அணுகிய விதி எதுவும் வரவில்லை.

பின்னர் நடந்தவை

செய்தி வெளியானதும், ஆடைத் தொழிலாளர்களின் உடல்நலத்தைக் கண்காணிக்கப்போவதாகத் தமிழ்நாடு அரசு தெரிவித்தது. தொழிலாளர்கள் தரப்பில் நிகழ்ந்த பெரிய மாற்றம் வேறொரு துயரத்திலிருந்து பிறந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றின் இளம்பெண் தொழிலாளி கொலையுண்டார். அதைத் தொடர்ந்த போராட்டத்தின் விளைவாக, பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு ஜவுளி, பொதுத் தொழிலாளர் சங்கம், ஆசிய அடித்தளக் கூலிக் கூட்டணி, அமெரிக்கத் தொழிலாளர் உரிமை அமைப்பு ஆகியவை ஆலை நிறுவனத்துடனும் எச் அண்ட் எம், கேப், பிவிஎச் ஆகிய வணிக நிறுவனங்களுடனும் 2022இல் சட்டப்படி கட்டுப்படுத்தும் உடன்பாடுகளைச் செய்துகொண்டன. இவை திண்டுக்கல் உடன்பாடு என்று உலகத் தொழிலாளர் வட்டாரங்களில் அறியப்படுகின்றன. உடன்பாட்டின் பொருள் பாலின வன்முறை, மாத்திரையைப் பற்றியதன்று. ஆயினும் தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்களைத் தளத்தில் நிறுத்தி, மேற்பார்வையாளரைப் பற்றி அஞ்சாமல் முறையிட வழி செய்தது. "இது என்ன மாத்திரை?" என்று கேட்பதற்கு முதலில் தேவைப்படுவது அத்தகைய ஏற்பாடுதான்.

விடுப்பைப் பொறுத்தவரை பழைய சட்டமே போதுமானதாக இருந்தது. 1948ஆம் ஆண்டு தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின்படி, காப்பீடு பெற்றவர் நோயுற்றால் 91 நாள்வரை கூலியில் 70 விழுக்காடு பெற முடிந்தது. ஆனால் அதற்கு மருத்துவச் சான்று வேண்டும்; சான்றுக்கு மருந்தகம் போக வேண்டும்; மருந்தகம் போக ஷிப்டை விட வேண்டும். ஒரு நாள் வயிற்று வலிக்கு இவ்வளவு சுற்றுவதைவிட மாத்திரை எளிது என்று தொழிலாளியே முடிவு செய்ததும் உண்டு. மாத்திரையை எல்லோரும் கட்டாயத்தால் விழுங்கினார்கள் என்று எழுதுவது இதனால் பொருந்தாது. பலர் கேட்டு வாங்கினார்கள். கேட்டு வாங்கியவருக்கும் அதன் பெயரை அறியும் உரிமை உண்டு.

2023 ஜூலையில் தமிழ்நாட்டு மக்கள் நல்வாழ்வுத்துறை, சிறுநீரகம் காக்கும் சீர்மிகு மருத்துவத் திட்டத்தைத் தொடங்கியது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று ஒரு பட்டையை நனைத்துப் பார்க்கிறார்கள். மறு ஆண்டு, மக்களைத் தேடி மருத்துவத்தின் விரிவாகத் தொழிலிடங்களுக்கே சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் திட்டம் வந்தது. தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கு வந்து, 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிநிலைத் தொகுப்புச் சட்டம், முதலாளி செலவில் ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனைக்கு இடமளிக்கிறது. இவையும் தொழிலிடத்தோடு தொடர்புடைய சோதனைகளே. ஆனால் மாதிரி கொடுப்பவரைப் பிடிப்பதற்காக எடுக்கப்படுபவையல்ல. வேடசந்தூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பட்டையின் நிறம் மாறினால், அங்குள்ள மருத்துவர் கேட்கும் முதற்கேள்விகளில் ஒன்று, "வலிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா, என்ன மாத்திரை?" என்பதாக இருக்கும்.